எறங்குங்க, ஜீரோ பாத்துக்கங்க

செப்டம்பர் 8, திங்கள்

ஆயில் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து மேசை இழுப்பறையில் சும்மா கிடந்தது. இன்று மதியம் எடுத்து வைத்துக்கொண்டேன். இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை எங்கள் பெட்ரோல் பங்க் காற்று வாங்கும். எரிச்சலை யாரிடமாவது கொட்ட வேண்டும், பங்க் பெண்களிடம் கொட்டினால் நாளைக்கு வேலைக்கு வர மாட்டார்கள். டைரி எங்கேயும் ஓடாது.

காங்கயம் தாராபுரம் ரோட்டில் இந்தப் பங்க்குக்குப் பதினோரு வருடமாக நான்தான் மேனேஜர். வேலைக்குச் சேரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் நாளே இரண்டு வாக்கியம் சொல்லிக் கொடுப்பேன். ஸ்கூட்டர் வந்து நின்றால், "எறங்குங்க." குழாயைக் கையில் எடுத்ததும், "ஜீரோ பாத்துக்கங்க." ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் மூடி சீட்டுக்கு அடியில் இருக்கிறது, உட்கார்ந்திருந்தால் எப்படித் திறப்பது? மீட்டரில் ஜீரோ பார்க்கச் சொல்லாவிட்டால் சண்டை. இந்த இரண்டையும் மரியாதையாகச் சொன்னால் பங்க்கில் பாதிப் பிரச்சினை கிடையாது. தாளில் எழுதி ஒவ்வொரு பம்புக்குப் பின்னாலும் ஒட்டியும் வைத்திருக்கிறேன்.

இன்று பத்தரை மணிக்கு, பின்னால் இரண்டு பக்கமும் சைடு வீல் மாட்டிய ஸ்கூட்டர் ஒன்று வந்தது. ஓட்டி வந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், ஒரு காலில் தாங்குக் கம்பி வைத்த காலிப்பர். சுகந்தி வழக்கம்போல் "எறங்குங்க்கா" என்றாள். அந்த அம்மா இறங்க மாட்டேன் என்றது. சுகந்தி மறுபடியும் சொன்னாள், அந்த அம்மா மறுபடியும் மாட்டேன் என்றது. பின்னால் ஒன்பது வண்டி, ஒன்பது ஹாரன். எனக்குப் போன் வந்திருந்ததால் வெளியே போக முடியவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கடைசியில் அந்த அம்மா புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, வண்டியில் உட்கார்ந்தபடியே ஒன்றரைப் பக்கம் எழுதியது. பெட்ரோல் போடாமலே போய்விட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அங்கே ஒரு கடிதம். பால் சொசைட்டியிலிருந்து. என் வீட்டுக்காரர் அங்கே பாலில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தார். சர்க்கரையில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய் இரண்டு வருடம் ஆகிறது. இத்தனை நாள் அவர் இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார்கள். அக்டோபர் மூன்றாம் தேதி சாயங்காலப் பாலுக்குள் வந்து சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று எழுதியிருக்கிறார்கள். சொசைட்டி ஆறு கிலோமீட்டர். சைடு வீல் மாட்டிய ஸ்கூட்டர் வாசலில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது.

போகிறீர்களா என்று கேட்டேன். "வண்டீல பெட்ரோல் இல்ல," என்றார். நான் போய் முள்ளைப் பார்த்தேன். ரிசர்வில் இருக்கிறது, எங்கள் பங்க் வரைக்கும் தாராளமாக வரும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

புகாரைப் படித்தேன். அந்த அம்மா பெயர் வாசுகி. பத்திரம் எழுதுகிறவரிடம் வேலை பார்க்கிறதாம். அதனால் புகாரும் பத்திரம்தான்.

"வடக்கே காற்றுப் பிடிக்கும் மெஷினுக்கும், கிழக்கே கழிப்பறைக்கு ஏறும் மூன்று படிகளுக்கும், மேற்கே மெயின் ரோட்டுக்கும், தெற்கே கண்ணாடி போட்ட ஆபீஸ் அறைக்கும் உட்பட்ட இடத்தில், மேற்படி ஊழியர் என்னை இறங்கச் சொன்னார். எனக்கு இறங்கத் தெரியும். இறங்கினால் பிடிக்க ஒன்றும் இல்லை. தரையில் ஆயில். பின்னால் ஹாரன். ஆகவே இறங்கவில்லை. மேற்படி கண்ணாடி அறையில் இருந்த மேனேஜர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்."

நான்கு எல்லையும் சொல்லி என்னைத் தெற்கு எல்லையாக்கிவிட்டது. நான் போனில் இருந்தேன், அதை யார் எழுதுவது?

புகார்ப் புத்தகத்தில் இரண்டு பத்தி. இடது பக்கம் "புகார்", வலது பக்கம் "எடுத்த நடவடிக்கை". வலது பக்கத்தை நான்தான் நிரப்ப வேண்டும், மாதக் கடைசியில் முதலாளி படித்துக் கையெழுத்துப் போடுவார். "ஊழியருக்குத் தக்க அறிவுரை வழங்கப்பட்டது" என்று எழுதினேன். பதினோரு வருடமாக எல்லாப் புகாருக்கும் இதேதான். சுகந்தியைக் கூப்பிட்டு, இனிமேல் "தயவு செஞ்சு எறங்குங்க" என்று சொல்லச் சொன்னேன்.

செப்டம்பர் 11, வியாழன்

நடவடிக்கை எடுத்துவிட்டோம் என்று வாசுகிக்குப் போன் செய்தேன். என்ன அறிவுரை என்று கேட்டது. சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சிரித்தது.

"மரியாத உங்க பங்க்ல நெறையாவே இருக்குதுங்க மேடம். கம்பிதான் இல்ல," என்றது. "புடிச்சுட்டு நிக்க ஒரு கம்பி, நாங்க எறங்கி ஏற ஒரு நிமிஷம். வேற ஒண்ணும் கேக்கலீங்."

வைத்துவிட்டேன். இட்லி மாவு புளித்துப் போச்சு, காலையில் தோசையாக ஊற்றியும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. முன்பெல்லாம் சாப்பாட்டில் குறை சொல்லாத நாள் கிடையாது.

செப்டம்பர் 15, திங்கள்

இன்று நானே என் சட்டத்தை மீறினேன். "பாட்டிலில் பெட்ரோல் கேட்காதீர்கள்" என்று பங்க் வாசலில் போர்டு வைத்தவள் நான். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் பிடித்து, பைக்குள் துணியைச் சுற்றி, திருடி மாதிரி வீட்டுக்குக் கொண்டு போனேன்.

அவர் பாட்டிலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "பாட்டில்ல குடுக்கக் கூடாதுன்னு போர்டு வெச்சதே நீதான கனகமணி. எடுத்துட்டு போ."

பெட்ரோல் இல்லை என்றீர்களே என்றேன். வேண்டுமானால் நானே வண்டியை ஓட்டிப் போய் ரொப்பி வருகிறேன் என்றேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பின்ன எங்கதான் ரொப்புவீங்க?"

"எல்லாரும் எங்க ரொப்பறாங்களோ, அங்க."

அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி இருந்தது, உள்ளே போய்விட்டேன். பெட்ரோலை என் மொபெட்டில் ஊற்றினேன். இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.

செப்டம்பர் 17, புதன்

முதலாளியிடம் கம்பி பற்றிப் பேசினேன். மாதத்துக்கு நாலு பேர் வருவதற்குக் கம்பியா என்றார். அடுத்த மாதம் கம்பெனி அதிகாரி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும்போது முதலில் புரட்டுவது புகார்ப் புத்தகத்தைத்தான் என்றேன். சரி, போடு என்றார். பழைய கூரையைப் பிரித்தபோது மிச்சமான இரும்புக் குழாய் பின்பக்கம் கிடக்கிறது, அதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

பெட்ரோல் இருக்கிற இடத்தில் வெல்டிங் வைக்கக் கூடாது. பட்டறையில் செய்துகொண்டு வந்து இங்கே போல்ட் முடுக்கத்தான் முடியும். அதனால் அளவு ஒரே தடவையில் சரியாக இருக்க வேண்டும். என் நெஞ்சுக்கு நேராகக் கையை வைத்து, இந்த உயரம் என்று பட்டறைக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

மத்தியானம் சுகந்தி டிபன் பாக்ஸோடு என் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். கம்பி வரப் போகிறது என்று கேட்டதிலிருந்து அவளுக்கு ஒரே சந்தோஷம். போன வருடம் ஆடிப் பதினெட்டு அன்று நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்து நாலாம் நாள். சைடு வீல் வண்டியில் ஒருவர் வந்திருக்கிறார். நான் சொல்லிக் கொடுத்தபடி இறங்கச் சொல்லியிருக்கிறாள்.

"எறங்குனாருக்கா. ஸ்டிக்கு ஆயில்ல வழுக்கி உளுந்துட்டாரு. ஒரு லாரி டிரைவர்தான் தூக்கி உட்டாரு. இன்னிக்கும் எறங்குங்கன்னு சொல்றப்பெல்லாம் அந்த அண்ணன் மொகம் வருதுக்கா."

அன்றைக்குப் பண்டிகைக் கூட்டம், யாரோ ஒரு கஸ்டமர் விழுந்தார் என்று எனக்கும் ஞாபகம். சாப்பிட்டுவிட்டுப் போய் மூணாம் நம்பர் பம்பைத் துடை என்று அவளை அனுப்பினேன். எனக்குச் சோறு இறங்கவில்லை, வெண்டைக்காய் முற்றல்.

செப்டம்பர் 22, திங்கள்

கம்பி வந்தது. ஆள் வைத்து நிறுத்தி, வாசுகியை வரச் சொன்னேன். வண்டியிலேயே உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்தது. தோள் வரைக்கும் தூக்க வேண்டியிருந்தது.

"துணி காயப் போடலாங் மேடம்," என்றது.

பட்டறைக்காரர் என்னைத் திட்டிக்கொண்டே கழற்றிக்கொண்டு போனார். அடுத்த அளவு எழுத்தில் வேண்டுமாம். வாசுகியையே வைத்து அளந்திருக்கலாம், எனக்கிருந்த அவமானத்தில் அது அந்த அம்மா கிளம்பிப் போன பிறகுதான் தோன்றியது.

செப்டம்பர் 23, செவ்வாய்

அவர் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் பெட்ரோல் போட வந்தவர், "அண்ணன் வண்டிக்குப் பேட்டரி மாத்திட்டனுங்க்கா, சும்மா கிண்ணுனு ஸ்டார்ட் ஆகுது," என்றார். எனக்குத் தெரிந்ததுபோல் தலையாட்டினேன். வீட்டில் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செப்டம்பர் 24, புதன்

காலையில் அவர் குளிக்கப் போயிருந்தபோது முன் அறையைப் பெருக்கினேன். ஜன்னல் கம்பிகளுக்குப் பொங்கலுக்குத்தான் பச்சைப் பெயிண்ட் அடித்தேன். எல்லாக் கம்பியும் பச்சையாக இருக்கிறது, குறுக்கே போகிற ஒன்று மட்டும் நடுவில் ஒரு ஜாண் அளவுக்குப் பெயிண்ட் போய் இரும்பு மின்னுகிறது. கையை வைத்துப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.

நான் பங்க்குக்குப் போன பிறகு அவர் தினமும் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார். எழுந்து, உட்கார்ந்து, எழுந்து. ஒரு நாளில் இப்படித் தேயாது.

தையல் டேப்பை எடுத்துத் தரையிலிருந்து அந்தக் கம்பி வரைக்கும் அளந்தேன். முப்பத்து மூன்று அங்குலம். உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் வருகிற சத்தம் கேட்டதும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். ஆடிப் பதினெட்டு அன்று விழுந்தவர் என் வீட்டுக்காரர்.

சைடு வீல் மாட்டி அன்றைக்குத்தான் முதல் முறையாக வெளியே எடுத்திருக்கிறார். எனக்குக் காட்ட வேண்டும் என்று நேராகப் பங்க்குக்கு வந்தார். பெட்ரோல் நெடி அவருக்கு ஆகாது, அதற்கு முன் இந்தப் பக்கமே வந்தவர் இல்லை, அதனால் பெண்கள் யாருக்கும் அவரைத் தெரியாது. சுகந்தி மரியாதையாகத்தான் சொன்னாள். என் வாக்கியம். அவர் விழுந்ததை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். போன் காதில் இருந்தது. அந்தப் பக்கம் யாரும் இல்லை. நான்தான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

விழுந்தவர் தலையைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்த்தார். நான் குனிந்து பில் புத்தகத்தைப் புரட்டினேன்.

ஏன் போகவில்லை என்று பதின்மூன்று மாதமாக ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கூட்டம், போன், ஒரு நிமிடத்தில் எழுந்துவிடுவார் என்று நினைத்தது. உண்மை ஒன்றுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தனை பேர் நடுவில் ஆயில் தரையில் கிடக்கிறவர் என் புருஷன் என்று சொல்ல வெட்கம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், ஒன்றும் தெரியாதவள்போல், பெட்ரோல் ரொப்பினீர்களா என்று வேறு கேட்டேன். "கூட்டமா இருந்துது," என்றார். மறுநாள் வண்டிக்குத் தார்ப்பாய் போட்டார்.

செப்டம்பர் 25, வியாழன்

பட்டறையில் அளவைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். முப்பத்து மூன்று அங்குலம். இரண்டு பக்கமும் கம்பி, நடுவில் சைடு வீல் நுழைகிற அகலம்.

செப்டம்பர் 29, திங்கள்

நாலாம் நம்பர் பம்புக்குப் பக்கத்தில் கம்பி நின்றுவிட்டது. மஞ்சள் பெயிண்ட். தரையில் ஆயில் சிந்தினால் போட ஒரு வாளி மரத்தூள். கழிப்பறைப் படியை இடித்துச் சரிவு போடுவதற்கு முதலாளி இன்னும் பிடி கொடுக்கவில்லை, அதை விடப் போவதில்லை.

வாசுகி வந்தது. இடது கையால் கம்பியைப் பிடித்து இறங்கி, நிமிர்ந்து நின்று, தானே சீட்டைத் தூக்கியது. ஏறவும் கம்பிதான். எல்லாம் சேர்த்து ஒன்றரை நிமிடம். இத்தனை நாள் எதற்குத்தான் அவசரப்பட்டோமோ.

"அளவு கரெக்டா இருக்குதுங் மேடம். யாருகிட்டக் கேட்டீங்க?"

எங்கள் வீட்டு ஜன்னலிடம் என்றேன். என் முகத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தது.

பம்புகளுக்குப் பின்னால் ஒட்டியிருந்த தாள்களைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதி ஒட்டினேன். இரண்டாவது வாக்கியம் அப்படியே இருக்கட்டும். முதல் வாக்கியத்துக்குப் பதிலாக, "எப்படிங்க உங்களுக்கு வசதி?" பெண்கள் சொல்லிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பழகிவிடும்.

வீட்டில் கம்பி பற்றிச் சொன்னேன். நாலாம் நம்பர் பம்பு, மஞ்சள், இரண்டு பக்கமும் என்றேன். பேப்பரை மடித்து வைத்தார். "ம்," என்றார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பம்புக்கெல்லாம் சந்தனம், குங்குமம், பொரி. காலையில் வந்து பார்த்தால் புதுக் கம்பியில்தான் வாழைக்கன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள், அதற்கு இதைவிடத் தோதான இடம் இல்லையாம். இரண்டு பக்கமும் வாழை, நடுவில் மாவிலைத் தோரணம். ஒரு சைக்கிள்கூட நுழைய முடியாது. அவிழ்த்து என் அறை வாசலில் கட்டச் சொன்னேன். பெண்களுக்கு முகம் தொங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் தார்ப்பாய் மடித்து ஓரமாக வைத்திருக்கிறது. ஸ்கூட்டர் கழுவித் துடைத்து, ஹேண்டில்பாரில் செவ்வந்தி மாலை. மூன்று சந்தனப் பொட்டு, கொஞ்சம் கோணல், அவர் வைத்தது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழமும் இருந்தது. குனிந்து பார்த்தேன். ஒன்றும் நசுங்கவில்லை. வண்டி நகரவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி, நல்ல நாள், ஒரு எட்டு ஓட்டிப் பாருங்களேன் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். எலுமிச்சம்பழம் அப்படியே இருக்கிறது.

அக்டோபர் 3, வெள்ளி

காலையில் பங்க்குக்குக் கிளம்பும்போது அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போய்வருகிறேன் என்றேன், தலையாட்டினார். மத்தியானம் டிபன் பாக்ஸை ஓரமாக வைத்தேன். டைரியைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுதாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டே முக்காலுக்கு வண்டி உள்ளே திரும்பியது. செவ்வந்தி மாலை பாதி உதிர்ந்திருந்தது. சலவைச் சட்டை. சுகந்தி பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டாள், கையிலிருந்த குழாயை மாட்டிவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். என் மேசையில் போன் அடித்தது. நிஜமாகவே அடித்தது, முதலாளி. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு எழுந்தேன். கண்ணாடிக் கதவுக்கு நாலு எட்டுத்தான். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

கம்பிகளுக்கு நடுவில் வண்டியை நிறுத்தினார். நான் பக்கத்தில் போய் நின்றேன். கையைப் பிடித்து இறக்கிவிட வேண்டும் என்று துடித்தது, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். வலது கையில் ஊன்றுகோல், இடது கை கம்பியில். ஜன்னலில் பிடிக்கிற அதே பிடி. மெதுவாக இறங்கி நிமிர்ந்தார். பின்னால் ஒரு கார்க்காரர் ஹாரன் அடித்தார். திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், நிறுத்திவிட்டார்.

"அக்கா, தெரிஞ்சவங்களா?" என்று சுகந்தி கிசுகிசுத்தாள்.

"என்ர வீட்டுக்காரரு," என்றேன். பங்க் முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் சீட்டைத் தூக்கி மூடியைத் திறந்தார். குழாயை நானே எடுத்தேன். பதினோரு வருடமாக எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்த வாக்கியத்தை இப்போது நானே சொன்னேன்.

"ஜீரோ பாத்துக்கங்க."

அவர் மீட்டரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். அப்புறம் மீட்டரைப் பார்த்தார். "பாத்துட்டேன். போடு."

டேங்க் நிறைந்தது. கிளம்புவார் என்று நினைத்தேன். "புகார்ப் புஸ்தகம் இருக்குதா?" என்றார். சுகந்தி ஓடிப் போய்க் கொண்டுவந்தாள். கம்பியில் சாய்ந்து, சீட்டின் மேல் புத்தகத்தை வைத்து நிதானமாக எழுதினார். மூடி என் கையில் கொடுத்தார். ஏறி உட்கார்ந்து, "பாலுக்கு நேரமாச்சு," என்று சொல்லிவிட்டுச் சொசைட்டிப் பக்கம் திருப்பினார். வண்டி ரோட்டின் வளைவில் மறைகிற வரைக்கும் வெளியேதான் நின்றேன்.

உள்ளே வந்து பிரித்தேன். புகார் பத்தியில் இவ்வளவுதான்:

"சென்ற ஆண்டு ஆடிப் பதினெட்டு அன்று இங்கே விழுந்தேன். மேனேஜர் கண்ணாடிக்குள் இருந்து பார்த்தார். சென்னியப்பன்."

வலது பக்கம் காலி.

அக்டோபர் 4, சனி

நேற்று ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தவர், யாரோ பாலில் தண்ணீரைக் கலந்து ஊற்றுகிறார்கள் என்று ராத்திரிச் சாப்பாடு முடியும்வரை கத்தினார். குழம்பில் உப்பு கம்மி என்றார். நிஜமாகவே கம்மிதான். காலையில் வாசல் கூட்டும்போது நசுங்கிய எலுமிச்சம்பழங்களை எடுத்துப் போட்டேன்.

பங்க்குக்கு வந்ததும் முதல் வேலையாக வாசுகியின் புகாருக்கு எதிரே இருந்த "தக்க அறிவுரை"யை அடித்துவிட்டு, கம்பி போட்டதை எழுதினேன். அடுத்தது அவருடையது. முதலாளி படிப்பார், அதிகாரி படிப்பார், பங்க்கில் எல்லோரும் படிப்பார்கள். படிக்கட்டும்.

எடுத்த நடவடிக்கை: மேனேஜர் வெளியே வந்தார். தாமதம் பதினான்கு மாதம்.

கீழே கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்ப் வைத்தேன்.